பிரேக் பிடிக்கவில்லை

தாம்பரத்தில் மிச்சமிருந்த நான்கு மீட்டர்கேஜ் சரக்கு இன்ஜின்களையும் ஒரே நாளில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஓரங்கட்டிவிடுவது என்று 2004ஆம் வருடக் கோடையில் முடிவானது. அந்த ஓட்டத்துக்குச் சத்தியநாதனைப் போட்டார்கள். நான்கில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அது முன்னால் இழுக்க, மற்ற மூன்றும் பின்னால் சும்மா உருண்டு வரவேண்டும். செங்கல்பட்டில் அவற்றை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவன் அங்கேயே காஸ் வைத்து வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

சத்தியநாதன் சர்வீஸ் முழுக்கச் சரக்கு வண்டி ஓட்டியவர். சிமெண்டு, உரம், உப்பு, அரிசி மூட்டை. பயணிகள் வண்டிக்கு மாறும் வாய்ப்பு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போனது. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை, மகள் வினிதாவுக்குச் சம்பந்தம் பேசும்வரை.

மாப்பிள்ளை சூர்யாவின் அப்பா கங்காதரன் பல்லாவரத்துக்காரர். பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் யாரோ, "பொண்ணோட அப்பா எக்ஸ்பிரஸ் ஓட்டுறாரா?" என்று கேட்டார்கள். கங்காதரன் சிரித்துக்கொண்டே, "இல்லப்பா, கூட்ஸு. நம்ம மூட்டையெல்லாம் பத்திரமா கொண்டுபோய்ச் சேக்குறவரு" என்றார். கேலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சத்தியநாதன் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

கடைசி ஓட்டம் தனக்குத்தான் என்று தெரிந்ததும் அவர் முதலில் போன் செய்தது சம்பந்திக்கு. இன்ஜினுக்கு மாலை போடுவார்கள், அதிகாரிகள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று சொன்னார். கடைசியில், தான் நினைத்தே பார்க்காத ஒன்றையும் சொன்னார்: "நீங்க பெருங்களத்தூர் பிளாட்பாரம் முனைல நில்லுங்க சம்பந்தி. சிக்னலுக்கு அங்க நிப்பேன். ஏத்திக்கிறேன். பொத்தேரில இறக்கி விட்டுடுறேன்."

வெளி ஆளைக் கேபினில் ஏற்றினால் வேலைக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததல்ல. அசிஸ்டெண்டாக இருந்த காலத்திலிருந்து மற்றவர்களுக்கு அவரே சொல்லி வந்ததுதான்.

அன்று காலை பணிமனையில் இன்ஜினின் முகத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். மெக்கானிக் ஜெயவேலு எண்ணெய்க் கையோடு ஒதுங்கி நின்றிருந்தான். பூஜை முடிந்து கூட்டம் கலைந்ததும் அவன் சத்தியநாதனிடம் வந்தான்.

"ண்ணா, கடசி இன்ஜின்ல பிரேக் கட்டை தேஞ்சி கீது. புதுசு கேட்டேன். வெட்டப் போற இன்ஜினுக்கு இன்னாத்துக்கு புதுசுன்னு ஸ்டோர்ல குடுக்கல. மத்த மூணும் நல்லா பாத்து வுட்ருக்கேன். மெதுவா போனா ஒண்ணும் பேஜார் இல்ல. முப்பதத் தாண்டாத."

"சரிப்பா. எத்தனை வருஷமா ஓட்டுறேன்" என்றார் சத்தியநாதன்.

பெருங்களத்தூரில் கங்காதரன் சலவை வேட்டி சட்டையில் சொன்ன இடத்தில் நின்றிருந்தார். அவர் ஏணியைப் பிடித்து ஏறியதைப் பார்த்து அசிஸ்டெண்ட் சவுரிமுத்துவுக்கு முகம் மாறிப்போனது. பரங்கிமலைக்காரன், முப்பத்திரண்டு வயது. அடுத்த மாதம் பிராட்கேஜ் பயிற்சிக்குப் போக வேண்டியவன்.

"அண்ணா, வேணாம்ணா" என்றான் தணிந்த குரலில்.

"பொத்தேரி வரைக்கும்தான். என் சம்பந்தி."

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. கங்காதரன் குழந்தைபோல எல்லாவற்றையும் கேட்டார். இது என்ன, அது எதற்கு, இந்த முள் எதைக் காட்டுகிறது. சத்தியநாதன் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தான் பெரிய ஆளாக வளர்வது போலிருந்தது. வண்டலூர் தாண்டியதும் பாதை நேராக ஓடியது. "இவ்ளோதான் போகுமா?" என்று கங்காதரன் கேட்டார். சத்தியநாதன் வேகத்தைக் கூட்டினார். முள் நாற்பதைத் தாண்டி மேலே போனது.

"ஹாரன் நான் அடிக்கலாமா சம்பந்தி?"

"தாராளமா."

கங்காதரன் விசையைப் பிடித்து அழுத்தினார். விடவேயில்லை. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டே அழுத்தினார். அந்தச் சத்தத்தில் சவுரிமுத்து சிக்னலைப் பார்த்து மஞ்சள் என்று கத்தியது சத்தியநாதன் காதில் விழவில்லை. சிவப்பு என்று கத்தியதும் விழவில்லை. அவர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவுரிமுத்து எட்டி அவசர பிரேக்கை இழுத்த பிறகுதான் முன்னால் திரும்பினார். லெவல் கிராசிங் கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தின் மேல் ஒரு காலேஜ் பஸ் பாதி ஏறியிருந்தது.

பஸ் டிரைவர் எப்படியோ முன்னால் பாய்ந்து தப்பித்தார். பின்னாலிருந்த மூன்று இன்ஜின்களின் கனமும் தள்ள, சக்கரங்கள் கிறீச்சிட்டு, சிக்னலைத் தாண்டி, ரோட்டின் நடுவில் வந்து வண்டி நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வந்த ஒரு மீன்காரம்மா பதறிப் பின்வாங்கியதில் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தாள். அலுமினியக் கூடை உருண்டது. சங்கரா மீனும் காரப்பொடி மீனும் தார் ரோட்டில் சிதறின.

சத்தியநாதன் திரும்பிப் பார்த்தபோது கங்காதரன் கேபினில் இல்லை. மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்செடிகளுக்கு நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தார். கேட் கீப்பர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

அன்று சாயங்காலமே அவர் சத்தியநாதன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. சத்தியநாதனின் மனைவி கனகவல்லி கொடுத்த காபியையும் தொடவில்லை.

"என் பேரு வெளிய வரக் கூடாது சம்பந்தி. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. நாலு பெரிய மனுஷங்க வந்து போற வீடு. போலீஸ், கேஸுன்னு வந்தா நல்லாவா இருக்கும்?"

"வராது" என்றார் சத்தியநாதன்.

அவர் போன பிறகு கனகவல்லி கேட்டாள். "அவரு எதுக்கு அங்க வந்தாரு?"

சத்தியநாதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவர் பரங்கிமலைக்குப் போய்ச் சவுரிமுத்துவைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். கேபினில் வேறு யாரும் இல்லை. கேட் கீப்பர் பார்த்தது சத்தம் கேட்டு ஓடி வந்த யாரோ ஒரு ஆள். சிக்னலைப் பார்த்ததும் பிரேக் போட்டோம். பிடிக்கவில்லை. பழைய இன்ஜின், கட்டை தேய்ந்தது.

"இன்ஜின் மேல பழியப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? வெட்டிப் போடப் போற இன்ஜின்தானே. அது வந்து சாட்சி சொல்லவா போகுது?"

அவசர பிரேக்கை இழுத்து அத்தனை பேரையும் காப்பாற்றியது சவுரிமுத்துதான். உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பாராட்டுதான் கிடைக்கும். இருந்தாலும், தனக்கு வேலை கற்றுத்தந்தவர் வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"சரிண்ணா" என்றான்.

விசாரணை அதிகாரி சிரமப்படுத்தவில்லை. கடைசி இன்ஜினின் கட்டைகளைப் போய்ப் பார்த்திருந்தார். தேய்ந்துதான் இருந்தன. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "பிரேக் பிடிக்கல சார்" என்று சத்தியநாதன் சொன்னபோது அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சத்தியநாதனுக்கு மூச்சு சீரானது.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் செய்தி அவர் காதுக்கு வந்தது. தேய்ந்த கட்டையோடு இன்ஜினை ஓட்டத்துக்கு அனுப்பியது யார் என்று கேட்டு, ஜெயவேலுவை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள்.

அவர் இதை நினைக்கவே இல்லை. உண்மையிலேயே நினைக்கவில்லை. இன்ஜினைச் சொன்னால் அது இன்ஜினோடு போய்விடும் என்றுதான் எண்ணியிருந்தார். அன்று முழுவதும் அவர் ஜெயவேலு வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று காத்திருந்தார். பிடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

ஜெயவேலு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"ண்ணா, அவ்ளோ தேஞ்சா இருந்திச்சி? நான் கைய வச்சிப் பாத்தேன். செங்கல்பட்டு வரிக்கும் தாங்கும்னு நெனச்சேன். ராவெல்லாம் தூக்கமே வரல. உனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அண்ணி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

சத்தியநாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வா ஜெயவேலு."

"இல்லண்ணா. குரோம்பேட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்த மீன்காரம்மா அங்கதான் கீது. நீயும் வரியா? தனியாப் போக ஒரு மாதிரியா கீது."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் ஜெயவேலு பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். மடியில் ஒரு பையில் சாத்துக்குடி வைத்திருந்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று சத்தியநாதன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தார். கூட்டமாக இருக்கிறது, இறங்கியதும் சொல்லலாம் என்று நினைத்தார். இறங்கியதும் ஜெயவேலு முன்னால் நடந்துவிட்டான்.

அந்த அம்மாள் பெயர் கிளியம்மாள். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக பஸ்ஸில் வந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. கட்டில் இல்லாததால் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தாள்.

ஜெயவேலு பையைக் கீழே வைத்தான். யார் என்றுகூடச் சொல்லாமல் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான்.

"என் தப்பும்மா. நான்தான் அந்த இன்ஜின பாத்து வுட்டது. மன்ச்சிக்கோம்மா."

கிளியம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "இன்னாப்பா இது, எழுந்திரு. நாலு பேரு பாக்குறாங்க. இரும்புதான அது. நீ சொன்னா கேக்குமா? என் உசுரு போவலயே, அது போதும்." பிறகு நிமிர்ந்து சத்தியநாதனைப் பார்த்தாள். "இவரு யாரு?"

"இவருதாம்மா டிரைவரு" என்றான் ஜெயவேலு கண்ணைத் துடைத்தபடி. "வேற ஆளா இருந்தா நேரா பஸ்ஸு மேல ஏறியிருக்கும். இவருதான் எப்டியோ புடிச்சி நிறுத்திட்டாரு."

கிளியம்மாள் கட்டுப்போடாத கையை நெற்றிவரை தூக்கிச் சத்தியநாதனைக் கும்பிட்டாள். "நல்லா இருப்பா. உன் புள்ள குட்டி நல்லா இருக்கட்டும்."

சத்தியநாதன் அதை வாங்கிக்கொண்டார். பதிலுக்குக் கும்பிட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தார். ஜெயவேலு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். "வெயிலுண்ணா. காலைல ஒண்ணும் துன்னலியா?" என்றான்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வினிதா வேலை முடிந்து வந்து, கல்யாணப் புடவைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், அம்மாவைக் கேள் என்பார். ஒருமுறை அவள், "அப்பா, ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க. பிரேக் ஃபெயில் ஆகியும் வண்டிய நிறுத்தினது உங்க அப்பாவான்னு" என்றாள், பெருமையாக. கனகவல்லி கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றார்.

இரண்டாவது விசாரணைக்கு ஜெயவேலுவையும் அவரையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயவேலு முதலில் உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த சத்தியநாதனுக்கு எல்லாம் கேட்டது.

"ஸ்டோர்ல கட்டை குடுக்கலன்னு சொல்றியே, எழுதிக் கேட்டியா?"

"இல்ல சார். வாயால கேட்டேன்."

"டிரைவர்கிட்ட மெதுவாப் போகச் சொன்னியா?"

சத்தியநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவுரு பெரிய அனுபவஸ்தரு சார். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. என் வேல தப்பு. டிரைவர் மேல ஒண்ணும் இல்ல சார்."

ஜெயவேலு வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "வேலைய விட்டே தூக்கிடுவாங்கபோல கீதுண்ணா" என்றான். பிறகு, "உன்கிட்ட சொன்னத நான் சொல்லல. உனுக்குக் கல்யாண நேரம்" என்றான்.

வா, டீ குடிக்கலாம் என்று அவனே கூட்டிக்கொண்டு போனான். ஸ்டேஷன் வாசல் கடையில் இரண்டு பேரும் நின்று டீ குடித்தார்கள். சத்தியநாதன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்போதும் சொல்லவில்லை. ஜெயவேலு படியேறிப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி மறையும்வரை நின்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் திரும்பிப் போய், அதிகாரியின் அறைக் கதவைத் தள்ளினார்.

"சார், பிரேக் பிடிச்சது" என்றார். "நான்தான் பாக்கல."

எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தியை ஏற்றியது, வேகத்தைக் கூட்டியது, ஹாரன், சவுரிமுத்து இழுத்த அவசர பிரேக், ஜெயவேலு காலையிலேயே எச்சரித்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இதை முதல் நாளே சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு மோசமா ஆகியிருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

சத்தியநாதனைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். கங்காதரனைக் கூப்பிட்டு விசாரித்து, கோர்ட்டில் அபராதம் கட்ட வைத்தார்கள். பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சவுரிமுத்துவின் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பிராட்கேஜ் பயிற்சிக்குப் போக இருந்த முறையும் அவனுக்குத் தப்பிப்போனது. சத்தியநாதன் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவன் குரலை உயர்த்தவில்லை.

"உண்மையச் சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ணா. இப்ப நானும் பொய்யன். எங்க வீட்ல அப்பா என்கூடப் பேசறதில்ல" என்றான்.

கல்யாணம் நிற்கவில்லை. சூர்யாவும் வினிதாவும் உறுதியாக இருந்தார்கள். நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று கங்காதரனும் ஒத்துக்கொண்டார். மண்டபம் வேண்டாம், திருநீர்மலைக் கோயிலில் தாலி கட்டிவிடலாம் என்று முடிவானது. வினிதா அப்பாவிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பத்திரிகை வைக்க வேண்டியவர்களில் ஜெயவேலுவின் வீட்டைத்தான் அவர் கடைசியாக விட்டிருந்தார். கனகவல்லி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்து, "நானும் வரேன்" என்றாள். கடப்பேரியில் இரண்டு அறை வீடு. சஸ்பென்ஷன் நீங்கி அவனுக்கு வேறு பிரிவில் வேலை போட்டிருந்தார்கள். ஜெயவேலுவின் மனைவி ஜோதிலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஜெயவேலு சுவரில் சாய்ந்து நின்றான். தட்டை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

"ஜெயவேலு, நான் பண்ணினது..." என்று சத்தியநாதன் ஆரம்பித்தார்.

"வுடுண்ணா. பொய் சொன்ன. பொண்ணு கல்யாணம், பயந்துட்ட. நானா இருந்தாலும் அத்தத்தான் பண்ணியிருப்பேனோ இன்னாவோ. அத்த நான் மறந்துடுவேன்." அவன் தட்டிலிருந்த பத்திரிகையைப் பார்த்தான். "ஆஸ்பத்திரில நான் அந்தம்மா கால்ல வுழுந்துகினு இருந்தேன். நீ பக்கத்துலதான நின்ன. பாத்துகினுதான இருந்த. அதான்ணா, மறக்க வர மாட்டேங்குது."

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொன்னது அப்படியே நடந்ததுதான்.

ஜோதிலட்சுமி மோர் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஜெயவேலு வாசல்வரை வந்து, "பாத்துப் போங்கண்ணி" என்று கனகவல்லியிடம் சொன்னான்.

கல்யாணத்துக்கு ஜோதிலட்சுமி மட்டும் வந்தாள். மலைப்படி ஏறி வந்து, வினிதாவின் நெற்றியில் குங்குமம் வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போனாள். புருஷனுக்கு டூட்டி என்று கனகவல்லியிடம் சொன்னாளாம். சத்தியநாதன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். அவள் இலைக்கு வந்தபோது சாதத்தைப் போட்டுவிட்டு, நிமிராமலே அடுத்த இலைக்கு நகர்ந்தார்.